உம்கேனிக் கரைத் தாத்தாவைத் தேடி

என் மாமனாருக்கு வயது எண்பத்து மூன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டி உம்கேனி ஆறு ஓடுகிறது. அதன் கரையில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற இடத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தாதான் அங்கே நாணல் வெட்டி, மண் திருத்தி, முதல் பாத்தி கட்டியவர். கீரை, கத்தரி, மக்காச்சோளம் என்று போட்டு, கூடையைத் தலையில் சுமந்து நகரத்துக்கு நடந்தே போய் விற்றிருக்கிறார். “தாத்தாவுக்கு எந்த ஊர் மாமா?” என்று கேட்டால் “மதராஸ்” என்பார். அதற்கு மேல் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது.

நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பெண் எடுத்தவன். என் பிள்ளைகளின் தாய்வழிக்கு ஊர்ப் பெயரே இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று வருடம் தேடினேன். இதே தேடலில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். குடும்பத்தார் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

தாத்தா முதல் கப்பலில் வந்தார் என்பது வீட்டில் வழிவழியாக வந்த பேச்சு. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் ட்ரூரோ. மதராசிலிருந்து புறப்பட்டு, 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பட்டியலை ஒரே இரவில் படித்தேன். தாத்தாவின் பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். தூக்கமே வரவில்லை. காலையில் கணக்குப் போட்டுப் பார்த்ததும் எல்லாம் சரிந்துவிட்டது. மாமனாரின் அப்பா பிறந்தது 1908இல். அவருக்குப் பின் இரண்டு தங்கைகள் வேறு. 1860இல் இருபது வயதில் கப்பலேறியவருக்கு அப்போது எழுபதை நெருங்கியிருக்கும். அந்த இரண்டு பேரையும் விட மனமில்லாமல் இன்னும் ஒரு வாரம் வீணாக்கினேன். 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். அத்தனை பெயர்களுக்குள் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கியது என் முதல் தவறு. கடைசியாக நம் கையில் இருக்கும் காகிதத்திலிருந்துதான் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஆனால் கையில் காகிதமே இல்லை. இருந்த பெட்டி 1917 அக்டோபரில் உம்கேனி வெள்ளத்தில் போய்விட்டது. கரையோரம் குடியிருந்த இந்தியர்கள் நூற்றுக்கணக்கில் செத்த வெள்ளம் அது. ‘பதவட்டான் அறுவர்’ என்று பெயர்பெற்ற மீனவர்கள் ஆறு பேர் படகு விட்டு 176 உயிர்களை மீட்டதை டர்பன் தமிழர்கள் இன்றும் சொல்வார்கள். மாமனாரின் குடும்பம் கூரை மேல் ஏறித் தப்பியதாம். பெட்டி தப்பவில்லை.

நிலத்தின் வழியாகத் தேடலாம் என்று பார்த்தேன். அரசாங்கம் தாத்தாவுக்கு நிலம் கொடுத்ததாக ஒரு நம்பிக்கை வீட்டில் உண்டு. பத்து வருடம் தங்கியவர்கள் திரும்பிப் போகும் இலவசக் கப்பல் பயணத்துக்குப் பதிலாக நிலம் கேட்கும் வழி ஒரு காலத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் அதை 1891இல் நிறுத்திவிட்டார்கள். பத்திரப் பதிவுகளில் தாத்தாவின் பெயர் எங்குமே இல்லை. அவர் வாரம் தவறாமல் வாடகை கட்டிய குத்தகைக்காரர். நாற்பது வருடம் ஒரு மண்ணைக் கொத்தியவரைப் பற்றி அந்த மண்ணின் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

வழி திறந்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில். இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. சிறு குத்தகைக்காரருக்கு என்ன கோப்பு இருக்கப்போகிறது என்றுதான் போனேன். இருந்தது. நான்கே தாள்கள். முதல் தாள் மரண அறிவிப்பு. பிறந்த இடம்: இந்தியா. பெற்றோர் பெயர்: தெரியாது. கீழே மூத்த மகனின் கைநாட்டு. மை சற்று அதிகமாகி விளிம்பில் பரவியிருந்தது. அடுத்த தாளில் சொத்து விவரம்: ஒரு கலப்பை, இரண்டு மாடு, ஒரு வண்டி, அறுவடையாகாத மக்காச்சோளம். அந்தப் பட்டியலை மாமனாரிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். “வண்டி எனக்குத் தெரியும், அதில் நான் சந்தைக்குப் போயிருக்கிறேன்” என்றார்.

பிள்ளைகளின் பெயர்களும் வயதும் அந்தக் கோப்பில் வரிசையாக இருந்தன. மூத்தவர் 1896இல் பிறந்தவர். அவருடைய பிறப்புப் பதிவைத் தேடி எடுத்தோம். அதில் அப்பா, அம்மா பெயர்களுக்குப் பக்கத்தில் எண்கள். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்த காலனி எண் அது. இந்தத் தேடலில் பெயரை விட எண்ணைத்தான் நம்ப வேண்டும். முனுசாமி ‘மூன்சாமி’ ஆவதும் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆவதும் முதலியார் ‘மூட்லி’ ஆவதும் எழுத்தரின் காதைப் பொறுத்தது. எண் அப்படி மாறுவதில்லை.

ஆயாவின், அதாவது தாத்தாவின் மனைவியின், எண் தெளிவாக இருந்தது. அரை மணி நேரத்தில் ஆள் கிடைத்துவிட்டார்: சேலம் ஜில்லா, ஆறு வயது, தாய் தகப்பனோடு கப்பலேறிய சிறுமி. சிறுமியாக வந்தார் என்பதே குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. என் மனைவி அன்று சாப்பிடவில்லை. எங்கள் மகளுக்கும் ஆறு வயது.

தாத்தாவின் எண்தான் படுத்தியது. ஐந்து இலக்கங்களில் நடு இலக்கம் 3 என்றும் படிக்கலாம், 8 என்றும் படிக்கலாம். வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தேன், பெரிதாக்கிப் பார்த்தேன், அதே எழுத்தர் வேறு பக்கங்களில் 3 எழுதிய விதத்தையும் பார்த்தேன். முடிவாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு எண்களையும் கப்பல் பட்டியலில் தேடினேன். இரண்டுமே இருபதை ஒட்டிய வயது ஆண்கள். இரண்டு பெயருமே தாத்தாவின் பெயர் இல்லை. வீட்டில் நாங்கள் சொல்லிவந்தது கூப்பிடு பெயர் என்பது அப்போதுதான் உறைத்தது.

நம் பழக்கம் ஒன்றுதான் கைகொடுத்தது. தலைப்பிள்ளை ஆணானால் அப்பாவைப் பெற்றவரின் பெயரை வைப்போம். அதனால்தான் அவன் பெயரன், பேரன். கப்பல் பட்டியலில் தகப்பன் பெயருக்கு ஒரு பத்தி உண்டு. மூத்தவரை என் மனைவி பெரிய தாத்தா என்பாள். அவர் பெயர் ஒரு கிராம தேவதையின் பெயர், எளிதில் கேள்விப்படாதது. 3 என்று படித்த எண்ணில் தகப்பன் பெயர் வேறு ஏதோ. 8 என்று படித்ததில் ஒன்பது ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக இருந்தன. மெல்ல வாய்விட்டுப் படித்தேன். பக்கத்து அறையிலிருந்து என் மனைவி, “பெரிய தாத்தாவை ஏன் கூப்பிடுகிறீர்கள்?” என்றாள்.

1889இல் வந்திருக்கிறார். இடது கணுக்காலில் தழும்பு என்று அடையாளம் எழுதியிருக்கிறார்கள். சாதிக்கும் ஒரு பத்தி இருக்கிறது. அதை நான் தடயமாக எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னவர் எதைச் சொன்னார், எழுதியவர் எதை எழுதினார் என்று நமக்குத் தெரியாது. ஜில்லா தென்னாற்காடு, தாலுகா திருவண்ணாமலை. இதில் ஒருவர் எளிதாக ஏமாறலாம். தென்னாற்காடு என்றதும் கடலூர்ப் பக்கம் போய்விடக் கூடாது. அந்தக் காலத்தில் திருவண்ணாமலை தாலுகா தென்னாற்காட்டில்தான் இருந்தது. பின்னால் வடாற்காட்டுக்குப் போய், 1989இல்தான் தனி மாவட்டத்தின் தலைநகரானது.

கிராமத்தின் பெயரையும் அதே போல் வாய்விட்டுத்தான் படித்தேன். சென்ற மார்கழியில் ஊருக்குப் போனபோது அந்த ஒலியை வாயில் வைத்துக்கொண்டே டீக்கடை, தபால் நிலையம், கிராம நிர்வாக அலுவலர் அலுவலகம் என்று கேட்டு அலைந்தேன். அந்த ஒலிக்குப் பொருந்தும் கிராமங்கள் இரண்டு. ஒன்று தென்பெண்ணையை ஒட்டியது. மற்றது ஏரிப் பாசனத்தை நம்பிய மேட்டுக் கிராமம். எது என்று உறுதி செய்ய என்னால் முடியவில்லை.

டர்பன் திரும்பி எல்லாவற்றையும் மாமனாரிடம் சொன்னேன். தழும்பைச் சொன்னதும் “கலப்பைக் கொழு கிழித்திருக்கும்” என்றார். 1960களில் ஸ்பிரிங்ஃபீல்டை விட்டு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்குக் குடிபோகும்வரை அவரும் ஏர் பிடித்தவர்தான். பிறகு கிராமங்களைப் பற்றி விசாரித்தார்.

“அதில் எந்த ஊரில் ஆறு இருக்கிறது என்றீர்கள்?”

சொன்னேன்.

“அப்படியானால் அதுதான்” என்றார். “ஆறு இல்லாத இடத்தில் தாத்தா கொட்டகை போடவே மாட்டாராம். ஆயா சொல்லியிருக்கிறார்.”

இது சான்று ஆகாது. ஆனாலும் என் குறிப்பேட்டில், அந்த ஊரின் பெயருக்கு எதிரே, பென்சிலால் அதை எழுதி வைத்திருக்கிறேன். வருகிற தையில் அவரை அழைத்துக்கொண்டு இரண்டு ஊருக்கும் போகிறோம்.