கருமணலும் கோதம்பும்

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு வரலாறு எடுத்த சாரின் மேசையில் ஒருநாள் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒரு காகிதப் பொட்டலத்தில் கருமணல். பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் கட்டும் புது மேன்டில். அன்றைய பாடம் அணிசேராக் கொள்கை. மாநாடுகளை பாண்டுங் 1955, பெல்கிரேடு 1961 என்று உருப்போடத் தயாராக இருந்தோம்.

சார் புத்தகத்தையே திறக்கவில்லை.

"மக்களே, இது எங்க உள்ள மணலு?"

"மணவாளக்குறிச்சி சார்!"

திருவிதாங்கூர் தென்னைநார்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டு ஜெர்மனி வரை போன மணல் அது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டு, கன்னியாகுமரிக் கடற்கரையிலுள்ள எங்கள் மணவாளக்குறிச்சியைத் தேடியே வந்துவிட்டார். அதிலுள்ள தோரியம்தான் மேன்டிலை அப்படி வெள்ளையாக ஒளிர வைக்கிறது. சார் அந்த வலையை விரித்து எங்கள் கைகளில் கொடுத்தார். பட்டுத்துணி மாதிரி இருந்தது. அணுகுண்டுக் காலம் வந்ததும், அணு எரிபொருளாகக்கூடிய தோரியத்தின் மதிப்பே மாறிப்போனது. 1947-ல் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் அறிவித்தபோது, இந்த மணலும் அவர் கணக்கில் இருந்தது.

அப்புறம் சார் கேட்டார்: "நாட்டுல அரிசி இல்ல. ஒருத்தன் கோதம்பு தாறேங்கான், கூடவே இந்த மணலையும் கேக்கான். குடுப்பியளா?"

நான்தான் எழுந்தேன். "குடுக்கலாம் சார்."

"பசிச்சவன் அப்படித்தான் சொல்லுவான். இரி."

1951-ல் நடந்தது அதுதான். இந்தியா 20 லட்சம் டன் தானியம் கேட்டிருந்தது. அமெரிக்கக் காங்கிரஸில் மாதக்கணக்கில் விவாதம். சிலர் பதிலுக்கு மோனசைட் வேண்டும் என்றார்கள். மோனசைட் ஏற்றுமதிக்கு இருந்த தடையை நேரு அரசு தளர்த்தவில்லை. அதற்குள் சோவியத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் தானியம் வாங்கியது. கடைசியில் ஜூன் மாதம் 19 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்கா சட்டம் போட்டது. மணல் இங்கேயே இருந்தது.

குவைத்துக்கு வந்தபிறகுதான் மிச்சக் கதையைப் படித்தேன். 1952-ல் ஆலுவாவில் மோனசைட் ஆலை திறந்தார்கள். மறு வருடமே சீனாவுக்குக் கொஞ்சம் தோரியம் நைட்ரேட் கப்பலேறியது. உதவியை நிறுத்துவோம் என்று அமெரிக்கா சொன்னபோதும், யாருக்கு விற்பது என்பதில் நிபந்தனை ஏற்க முடியாது என்றார் நேரு. பச்சை மணலாக யாருக்கும் கிடையாது, பக்குவப்படுத்தினால் யாருக்கும் விற்போம். பாண்டுங் உரைகளைவிட இதுதான் எனக்கு அணிசேராமையைப் புரியவைத்தது. சீன விஷயத்தில் நேரு பிற்பாடு தவறியதை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டினியோடு நின்ற ஒரு நாடு அன்று காட்டிய அந்த உறுதியை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

அந்தப் பாடம் நடந்த அன்று மாலை பொட்டலத்தை சாரிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆச்சி மரச்சீனிக்குத் தொலி உரித்துக்கொண்டிருந்தாள். கதை முழுவதும் கேட்டாள். "அந்த வருசமெல்லாம் இந்தக் கிழங்குதான் மக்கா, ரெண்டு நேரமும்" என்றாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டு மணலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதையா கேட்டான்?"

பொட்டலத்தை அவளே மடித்து, ரேஷன் கார்டு வைக்கிற தகரப் பெட்டிக்குள் வைத்தாள்.