சேர்வரை நிப்பாட்டினது ஆர்?

மட்டக்களப்பில் ‘ஆர்’ என்றால் ‘யார்’. அதனால் நான் அறைக்குள்ளிருந்து “ஆர் ஓடுதா?” என்று சத்தம் போட்டால், வாசலில் இருக்கும் வாட்ச்சர் ஐயா “ஒருத்தரும் ஓடல்ல தம்பி” என்று பதில் சொல்வார். நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்காவும் ரொபர்ட் ஜென்டில்மனும் சேர்ந்து உருவாக்கிய, புள்ளிவிபரக் கணக்குகளுக்கான R என்ற கணினி மொழியைத்தான் நான் கேட்பது. இரண்டு பேருக்கும் பெயரின் முதலெழுத்து ஆர். நம்மூரில் இப்படி ஒரு வில்லங்கம் வரும் என்று அவர்கள் எங்கே கண்டார்கள்.

நான் வேலை செய்வது ஒரு சின்ன ஆய்வு அலகில். கள ஆய்வுத் தரவுகளைத் துப்புரவாக்கிக் கொடுப்பது, மாணவர்களின் புள்ளிவிபரக் கணக்குகளுக்கு உதவுவது என்று போகும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதும் புது லாப்டொப் என்ற பேச்சே நின்றுபோனது. மாணவர்களிடம் இருந்தவை 4 ஜிபி ரேம் உள்ள பழைய லாப்டொப்கள். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளை முறைப்படி வாங்குவதென்றால் அதற்கும் டொலர்தான். எங்கள் ஸ்டோரில் முன்பு ஏதோ ஒரு திட்டத்துக்கு வாங்கிய சேர்வர் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. 64 ஜிபி ரேம், 16 கோர். அதைத் துடைத்து எடுத்து, 34 பேருக்குப் பொதுவாகக் கொடுப்போம் என்று பொறுப்பை நானே தலையில் போட்டுக்கொண்டேன்.

நிறுவுவது ஒரு பின்னேர வேலைதான். லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு, அதன் மேல் ஆர், அதன் மேல் ஆரைப் பிரவுசர் வழியாகப் பாவிக்க விடும் ஆர்ஸ்டூடியோ சேர்வரின் இலவசப் பதிப்பு. பிரவுசரில் சேர்வரின் முகவரியையும் 8787 என்ற போர்ட்டையும் அடித்தால் உள்நுழையும் பக்கம் வரும். அது லினக்ஸ் கணக்கையே கேட்கும் என்பதால், ஆளுக்கொரு லினக்ஸ் கணக்கு திறந்தேன். முதலில் பெயரில் திறந்து, மூன்று தர்ஷிகா வந்த பிறகு பதிவிலக்கத்துக்கு மாறினேன்.

முதல் நாளே ஒரு கூத்து. எல்லாரும் ஒரே நேரத்தில், ஆரில் தரவைக் கையாள உதவும் டைடிவேர்ஸ் என்ற மென்பொருள் பொதியை நிறுவத் தொடங்கினார்கள். விண்டோஸில் இது ஆயத்தமாக இறங்கும். லினக்ஸில் வழக்கமான களஞ்சியத்திலிருந்து எடுத்தால் மூலநிரல்தான் வரும், அதை ஓடும் வடிவத்துக்கு அங்கேயே கம்பைல் செய்ய வேண்டும். ஒரே பொதியை 34 பேர் 34 தரம் கம்பைல் செய்தால் விசிறிச் சத்தம் வெளி விறாந்தை வரைக்கும் கேட்கும். அன்றே எல்லாவற்றையும் நிறுத்தி, பொசிட் நிறுவனம் உபுண்டுவுக்கென்று கம்பைல் செய்தே வைத்திருக்கும் களஞ்சியத்துக்கு முகவரியை மாற்றினேன். பொதுவாகத் தேவைப்படும் பொதிகளை நானே பொது நூலகத்தில் ஒரு தரம் போட்டேன். அரை மணித்தியாலமும் ஆகவில்லை.

மூன்று கிழமை அமைதியாகப் போனது. ஒரு வியாழக்கிழமை பத்தரை மணியளவில் எல்லாருடைய திரையும் அப்படியே உறைந்துபோய் நின்றது. எனக்குக் கமாண்ட் அடிக்கக்கூட வழியில்லை. ஒரு எழுத்தை அடித்துவிட்டு அது திரையில் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரேம் முடிந்து டிஸ்க்கை ரேமாகப் பாவிக்கத் தொடங்கினால் இதுதான் நிலைமை. இருபது நிமிடம் கழித்து லினக்ஸ் தானே ஒரு புரோசஸைக் கொன்றுவிட்டு மூச்சு விட்டது. கொல்லப்பட்டது குற்றவாளியில்லை. முதல் நாள் இரவிலிருந்து புள்ளிவிபர மாதிரி (மொடல்) ஒன்றை ஓடவிட்டிருந்த ஒரு விரிவுரையாளரின் கணக்கு அது. அந்த நேரத்தில் ஆகக் கூடுதலாக ரேம் பிடித்திருப்பது எதுவோ, பெரும்பாலும் அதைத்தான் லினக்ஸ் தெரிவு செய்யும். யார் பிழை விட்டது என்று அது விசாரிக்காது.

விசாரித்தது நான். மூலை மேசையில் ஒரு தங்கச்சி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“என்ன செஞ்சீங்க?”

“ஒண்டும் செய்யல்ல அண்ணா, டேபிளத்தான் ஒட்டினன்.”

பார்த்தால், மாவட்டத்தின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் பிரிவுக்கு 300 வீடாக, 4,200 வீடுகளின் தரவு. குடும்ப விபரம் ஒரு அட்டவணையில், வருமானம் இன்னொன்றில், கடன் மூன்றாவதில். மூன்றையும் அவள் வீட்டு இலக்கத்தால் இணைக்காமல் பிரிவின் பெயரால் இணைத்திருந்தாள். வவுணதீவுப் பிரிவில் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் குடும்ப விபரமும், வருமான அட்டவணையில் வவுணதீவுக்குரிய 300 வரிகளோடும் ஒட்டும். முதல் இணைப்பிலேயே 300ஐ 300ஆல் பெருக்கி 14ஆல் பெருக்க வேண்டும், 12 இலட்சத்து 60 ஆயிரம் வரிகள். அது ஒருவாறு தாங்கியது. இரண்டாவது இணைப்பில் அதை இன்னொரு 300ஆல் பெருக்கினால் 37 கோடியே 80 இலட்சம். ஒரு எண்ணுக்கு 8 பைட், ஆக அட்டவணையின் ஒரு நிரலுக்கே 3 ஜிபி. அவளிடம் நூற்றுச் சொச்சம் நிரல்கள். ஆர் எல்லாவற்றையும் ரேமில் வைத்தே கணக்குப் பார்க்கும். டிப்ளையர் பொதியின் புதிய பதிப்பில் இணைத்திருந்தால் முதல் இணைப்பிலேயே ஒரு எச்சரிக்கையாவது வந்திருக்கும். அவள் பாவித்தது ஆரோடு கூடவே வரும் பழைய மேர்ஜ். அது வாயே திறக்காது.

அவளை ஏசி வேலையில்லை. இது எவருக்கும் வரும் பிழை, எனக்கே வந்திருக்கிறது. ஒருவர் விட்ட பிழையில் 34 பேரும் விழும்படி வைத்திருந்தது என் பிழை.

ஆளுக்கு இவ்வளவு ரேம் என்று கட்டுப்படுத்த முதலில், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் பயனர் வாரியாக வரம்பு வைத்தேன். பிரவுசர் இல்லாமல் கமாண்ட் அடித்து வேலை செய்யும் எஸ்எஸ்எச்சில் நுழைந்து சோதித்தபோது அழகாக வேலை செய்தது. பிரவுசரில் வந்தவர்களை அது தொடவேயில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் விளங்கியது: இலவசப் பதிப்பு லினக்ஸிடம் கடவுச்சொல் சரியா என்று மட்டும் கேட்கிறது, பயனருக்கென்று தனி அமர்வு திறப்பதில்லை. எல்லாருடைய ஆரும் ஆர்ஸ்டூடியோ சேவையின் கீழேயே ஓடுகிறது. நான் கட்டிய வேலிக்குள் மாடே இல்லை.

பிறகு வேறு வழியில் போனேன். ஆருக்கான பொதுச் சூழல் கோப்பில், ஆர் தரவை வைத்திருக்கும் வெக்டர்களுக்கு ஆளுக்கு 3 ஜிபி உச்சவரம்பு என்று ஒரு வரி எழுதினேன். அதைத் தாண்டினால் அந்த ஆளுக்கு மட்டும் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும், அமர்வு சாகாது, அதுவரை செய்தது அப்படியே இருக்கும். விரிவுரையாளருக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டதால் அவருடைய கோப்பில் 12 ஜிபி. விபரம் தெரிந்தவர் இதைத் தானே மாற்றிக்கொள்ளலாம், அது இருக்கட்டும். அதற்கு மேல் காப்பாக முழுச் சேவைக்கும் 56 ஜிபி என்று சிஸ்டம்டியில் வைத்தேன், மிச்சம் இயங்குதளத்துக்கு. ஒரு புரோசஸ் செத்தால் சேவை முழுவதையும் நிறுத்தாதே என்றும் ஒரு வரி. ஆகக் கெட்ட நாளிலும் நான் உள்ளே போய்ப் பார்க்க முடிய வேண்டும் அல்லவா.

அடுத்த முறைப்பாடு எதிர்பாராதது. வரைபடங்களில் தமிழ் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்தது. களுவாஞ்சிகுடி இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சதுரங்கள். சேர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை, நோட்டோ எழுத்துருக்களைப் போட்டேன். பெட்டி போனது, ஆனால் சிலருடைய படங்களில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. ‘கொக்கட்டிச்சோலை’யில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் தனியாக நின்று என்னைப் பார்த்தது. எழுத்துரு இருந்தால் மட்டும் போதாது, எழுத்துகளைக் கோத்துக் கொடுக்கும் வேலையும் நடக்க வேண்டும். அதற்கான ஹார்ஃப்பஸ், ஃப்ரிபிடி நூலகங்களைப் போட்டு, படம் வரையும் ரக் பொதியை நிறுவி, ஆர்ஸ்டூடியோவின் வரைகலை அமைப்பில் அது பாவிக்கும் ஏஜிஜி என்று மாற்றியதும் கொம்பு தன் இடத்துக்குப் போனது. எக்செலில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று போட்ட சிஎஸ்வியையே தெரிவு செய்யுங்கள் என்று சுவரில் ஒட்டினேன். மற்ற சிஎஸ்வி தமிழைக் கேள்விக்குறியாக்கிவிடும், அதை எந்தப் பொதியாலும் மீட்க முடியாது.

மாரி தொடங்கியதும் கரண்டுப் பிரச்சினை. யுபிஎஸ் பதினைந்து நிமிடம் தாங்கும். கரண்டு போனவுடன் எல்லா அமர்வுகளையும் டிஸ்க்கில் எழுதி உறங்கவைக்கும் கமாண்ட் ஆர்ஸ்டூடியோ சேர்வரிலேயே உண்டு. அதை யுபிஎஸ்ஸோடு இணைத்து வைத்தேன். முதல் மின்வெட்டில் அது சரியாக வேலை செய்தது, ஆனால் எல்லாருடைய தரவையும் எழுதியதில் டிஸ்க் நிரம்பி, கரண்டு வந்த பிறகு ஒருவராலும் உள்நுழைய முடியவில்லை. ஆர் சேமித்து வைத்திருந்த பழைய ஆர்டேட்டா கோப்புகளைத் துப்புரவாக்கி, வெளியேறும்போது எல்லாவற்றையும் சேமிக்கும் வழக்கத்தை நிறுத்தி, ஆளுக்கு 10 ஜிபி டிஸ்க் என்று வரம்பும் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

போன கிழமை அந்த மூலை மேசைத் தங்கச்சி எழுந்து வந்தாள்.

“அண்ணா, எனக்கு மட்டும் சிவப்பா ஏதோ வருது. மெமரி முடிஞ்சிதாம்.”

“மற்ற ஆக்களுக்கு?”

திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் தங்கள் பாட்டில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அவங்களுக்கு ஓடுது.”

“அப்ப வாங்க, எதால ஒட்டினீங்க எண்டு பாப்பம்.”