மேடையை அளந்தாச்சு, அத்தையை அளந்தாச்சா?

எங்கள் சமையல்கட்டின் 3டி படத்தை இன்டீரியர் தம்பி லேப்டாப்பில் திறந்து காட்டியபோது கண்ணில் முதலில் பட்டது ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய பச்சை ஆப்பிள். வெள்ளை வெளேரென்று கப்போர்டுகள். நடுவில் ஐலண்ட் என்று தனியாக ஒரு மேடை. அதன் மேலே கம்பியில் தலைகீழாகத் தொங்கும் கண்ணாடிக் கோப்பைகள். அடுப்பு எங்கே என்று மட்டும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏந்தம்பி, இந்த டம்ளரெல்லாம் எதுக்குக் கவுத்துத் தொங்க விட்டிருக்கீங்க?"

"அது சும்மா ஷோவுக்குங்கம்மா."

"இதுல காப்பி ஆத்த முடியாதே."

கோப்பைகளை எடுத்துவிடுவதாகத் தம்பி ஒப்புக்கொண்டார். ஆப்பிளை அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அது யார் வாங்கி வைக்கப்போகிறார்கள் என்று என்னைத்தான் பார்த்தார்.

கோவை கணபதியில் இருக்கும் இந்த வீடு மாமா கட்டியது. சமையல்கட்டு எட்டுக்குப் பத்து. கடப்பாக்கல் அலமாரி, மேடைக்கு மேலே வெள்ளை டைல்ஸ், மூன்று தலைமுறைக் காலண்டர் மாட்டிய ஆணிகள். சிங்க்குக்குப் பின்னால் தண்ணீர் இறங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் டைனிங் ரூமில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தது. பிளம்பரைக் கூப்பிட்டால் முடிகிற வேலை. ஆனால் இவர் அந்த நேரம் பார்த்து ஒரு நண்பரின் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வந்துவிட்டார். அங்கே டிராயரை லேசாகத் தள்ளினால் அதுவே மெதுவாக மூடிக்கொள்கிறதாம். "சத்தமே வரல தெரியுமா?" என்று படுக்கப் போகும்வரை அதே பேச்சு. நம் வீட்டில் டிராயரே கிடையாது, சத்தம் எங்கிருந்து வரும்?

இப்படித்தான் அந்தத் தம்பி வந்தார். லேசர் மீட்டரைச் சுவரில் அடித்து மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தார். சமையல் மேடை 36 அங்குல உயரம், அதுதான் இப்போது எல்லா இடத்திலும் வழக்கம் என்றார். அத்தை நேராகப் போய்ப் பழைய மேடைக்கு முன்னால் நின்றுகொண்டார். அவர் உயரம் நாலடி ஒன்பது அங்குலம்.

"மேடைய அளந்தீங்க செரி. என்னைய அளந்தீங்களா?"

தம்பி நல்ல பிள்ளை. டேப்பை எடுத்துவிட்டார். முழங்கையை மடக்கி நின்றால் தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரமோ, அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது என்பது கணக்காம். அத்தைக்கு முழங்கை 36. அந்தக் கணக்குப்படி அத்தைக்கு 31, எனக்கு 35. ஆறடி இருக்கும் இவரும் வரிசையில் வந்து கையை மடக்கி நின்றார். அவருக்கு 40 வந்தது. "அந்த அளவு வேண்டாந்தம்பி, அது வேஸ்ட்டு" என்று அத்தையே அடித்துவிட்டார். பெற்ற தாய்க்குத் தெரியாதா?

கடைசியில் இரண்டு மட்டமாக மேடை போட்டோம். அடுப்புப் பக்கம் 31, சிங்க் பக்கம் 35. சும்மா சமாதானத்துக்குச் செய்ததில்லை, யோசித்துப் பார்த்தால் இதுதான் சரி. அடுப்பின் மேல் இட்லிக் குண்டா ஏறினால் அதன் வாய் இன்னும் ஓரடி மேலே போய்விடும். உள்ளே எட்டிப் பார்க்க மேடை தணிவாக இருக்க வேண்டும். சிங்க்கில் பாத்திரம் கிடப்பது மேடைக்கு எட்டு அங்குலம் கீழே. அங்கே தணிவாக இருந்தால் இடுப்பு போய்விடும். இந்த நியாயம் எல்லாம் வந்து பார்க்கிற சொந்தக்காரர்களுக்குப் புரிவதில்லை. நாலு அங்குலப் படியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி குடிகாரனாடி?" என்று ரகசியமாகக் கேட்கிறார்கள்.

அடுத்து ஐலண்ட். நடுவில் ஒரு மேடை இருந்தால் சுற்றி நின்று எல்லோரும் காய் நறுக்கலாம், பேசலாம், குடும்பம் ஒன்று சேரும் என்று தம்பி விளக்கினார்.

"நடுவுல நான் உக்காருவனே சாமி" என்றார் அத்தை.

நிஜம்தான். எங்கள் சமையல்கட்டின் நட்டநடுவில் அத்தை ஒரு காலை மடக்கி, அரிவாள்மனையின் பலகையைத் தொடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு உட்காருவார். வலது பக்கம் முறத்தில் கீரை, இடது பக்கம் தண்ணீர்ச் சட்டி, முன்னால் தேங்காய் மூடி. வெங்காயம் வேண்டும் என்றால் நான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். குழந்தைகள் ஸ்கூல் விட்டு வந்ததும் அவரைச் சுற்றித்தான் நிற்பார்கள். யோசித்தால் இந்த வீட்டில் ஐலண்ட் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குத் தனியாக கிரானைட் தேவையில்லை. தம்பி ஐலண்டை டிலீட் செய்தார். மனசே இல்லாமல்தான் செய்தார் என்பது மவுஸ் பிடித்த கையில் தெரிந்தது.

இவர் இதற்குள் போனில் படிக்க ஆரம்பித்திருந்தார். சமையல்கட்டுக்கு ஒரு முக்கோணம் உண்டு, அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் மொத்தம் 13 அடியிலிருந்து 26 அடிக்குள் இருக்க வேண்டும், 1940களில் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பண்ணியிருக்கிறார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு எடுத்தார். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இருப்பது டைனிங் ரூமில். அத்தையின் முக்கோணம் வேறு: அடுப்பு, கிரைண்டர், பின்வாசல் துவைக்கிற கல். அதில் மூன்றாவது மூலைக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்காவோடு பேச்சு முடித்துத்தான் திரும்புவார். அந்தத் தூரத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அளக்க முடியாது.

ஆனால் அவர் படித்ததில் ஒன்று எனக்கே பிடித்திருந்தது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் முன்னோடி 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வரைந்த சமையலறை. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், ஏறக்குறைய எங்கள் அளவுதான். நடக்கிற நடையைக்கூட ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்குப் பார்த்து வரைந்தது. அரிசிக்கும் மாவுக்கும் பேர் எழுதிய அலுமினியப் பெட்டிகள், அப்படியே உருவி எடுத்துக் கொட்டிக்கொள்ளலாம். அத்தைக்கு அந்தப் பெட்டி ரொம்பப் பிடித்துவிட்டது. "பொம்பள போட்டதல்ல, அதான்" என்றார். அதற்கு முன்னால் தான் சமையலே செய்ததில்லை என்று அந்த அம்மாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார் என்பதையும் இவர் படித்துக் காட்டினார்.

அத்தை கொஞ்சம் யோசித்தார். "அப்புறம் நம்ம தம்பி மேல மட்டும் என்ன குத்தம்?"

அன்றிலிருந்து தம்பிக்கு வீட்டில் காப்பியோடு முறுக்கும் வர ஆரம்பித்தது.

கலர் விஷயத்தில் மட்டும் நான் யாரையும் நம்பவில்லை. இவருக்கு வெள்ளை வேண்டும், அதுவும் முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பு. தம்பி கொடுத்த சாம்பிள் துண்டுகளில் எண்ணெயில் குழைத்த மஞ்சள் தூளைப் பூசி, மேலே கொஞ்சம் சாம்பாரும் ஊற்றி, ராத்திரி முழுக்க அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். காலையில் வழவழப்பான லாமினேட் துடைத்ததும் சுத்தமாகிவிட்டது. சொரசொரப்பான வெள்ளைத் துண்டு மட்டும் மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தயாராகி நின்றது. சாம்பிளைத் திருப்பித் தர வேண்டும் மேடம் என்று தம்பி முகம் வாடினார். அத்தை அதை வாங்கி மொட்டை மாடியில் வெயிலில் போட்டார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் மஞ்சள் பாதிக்கு மேல் வெளுத்திருந்தது! மஞ்சளின் நிறம் வெயில் தாங்காது, துணியில் பட்ட கறையும் இப்படித்தான் போகும். ஆனால் கப்போர்டு கதவைக் கழற்றி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? சந்தன நிறத்தில் வழவழப்பாக முடித்துக்கொண்டோம். டைல்ஸ் இடுக்கிலும் வெள்ளைச் சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி என்ற பிசின் பூச்சு. விலை கூடத்தான், ஆனால் கறை குடிக்காது.

மேல்கல்லுக்குப் படத்தில் இருந்தது வெள்ளை குவார்ட்ஸ். அழகுதான். ஆனால் அது கல்தூளைப் பிசின் போட்டு இறுக்கிய பலகை. கொதிக்கிற சட்டியை நேராக இறக்கினால் தழும்பு விழும். அத்தை சட்டியை எங்கே வேண்டுமானாலும் இறக்குவார். கருப்பு கிரானைட் என்று அரை நிமிஷத்தில் முடிவானது. இவர் தன் பங்குக்குப் பிளைவுட் கடையில் ஒவ்வொரு பலகையையும் தேங்காய் வாங்குகிற மாதிரி தட்டிப் பார்த்து, "ஐ.எஸ். 710 முத்திரை இருக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். தண்ணீர் தாங்குகிற மரைன் பிளைக்கு அந்த எண்தான். தட்டினால் என்ன தெரியும் என்று ஆசாரி என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

பெரிய சண்டை கிரைண்டருக்குத்தான். மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வைத்து ஷட்டர் இறக்கிவிடலாம், அதற்கு அப்ளையன்ஸ் கராஜ் என்று பேர் என்றார் தம்பி. புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டரைக் கோயம்புத்தூரிலேயே ஒளித்து வைப்பதா? அத்தைக்கு அது மானப் பிரச்சினை. இழுத்தால் வெளியே வருகிற தட்டில் வைக்கலாம் என்றார் தம்பி. "ஓடறப்ப அதுவும் கூடவே நடந்து போகும்" என்றார் அத்தை.

முடிவில் பின்வாசல் பக்கம் இரண்டடி உயரத்தில் தனியாக ஒரு கிரானைட் திண்டு. பக்கத்திலேயே ஒரு குழாய், தண்ணீர் போக ஒரு ஓட்டை. அத்தை முக்காலி போட்டு உட்கார்ந்து, கல் சுற்றச் சுற்ற உளுந்தைக் கையால் தள்ளிவிட்டு, சொம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பார். மாவு பந்து மாதிரி பொங்கி வரும்போது ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார், மிதந்தால் ஆயிற்று. புதுச் சமையல்கட்டில் தம்பி போட்டோ எடுக்க வந்தபோது எடுத்தது அந்த மூலையைத்தான். ஆப்பிளை விட நன்றாக வந்திருந்தது.

சிம்னி பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அடுப்புக்கு மேலே 26 முதல் 30 அங்குலத்துக்குள் மாட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் மேடையோ தணிந்தது. ஆகவே இவர் எப்போதாவது சட்டியை எட்டிப் பார்த்தால் நெற்றி சிம்னியில் டங்கென்று இடிக்கும். சத்தம் வராத டிராயருக்கு ஆசைப்பட்டவர்.

இனி டைனிங் ரூம். சுவரை இடித்து ஓப்பன் கிச்சன் பண்ணலாம் என்ற யோசனையை மேஸ்திரி சுவரைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் கொன்றார்: "பாரச் சுவர்." மேலே இருக்கிற பாரத்தைத் தாங்குகிற சுவரில் கை வைக்க முடியாதாம். எனக்குச் சந்தோஷம். மிளகாய் தாளிக்கிற நெடி ஹாலில் டிவி வரைக்கும் போக வேண்டாம். சுவரில் சின்னதாக ஒரு ஜன்னல் மட்டும் திறந்து, பரிமாறுகிற பாத்திரம் வைக்க ஒரு பலகை கொடுத்தோம்.

டைனிங் டேபிள் கணக்குதான் உதைத்தது. ஒரு ஆளுக்கு இரண்டடி அகலம் வேண்டும். நாற்காலியை இழுத்து எழுந்திருக்க டேபிளுக்குப் பின்னால் மூன்றடி வேண்டும். ஒன்பதடி அகல ரூமில் மூன்றடி டேபிள் போட்டு, இரண்டு பக்கமும் மூன்று மூன்றடி விட்டால் கணக்குச் சரி, ஃபிரிட்ஜ் மட்டும் வாசலில் நிற்கும். அதனால் சுவரை ஒட்டி நீளமாக ஒரு பெஞ்ச், எதிர்ப்பக்கம் நாற்காலிகள் என்று தம்பி மாற்றினார். பெஞ்சின் மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே பெட்டி மாதிரி இடம். ஓர் அங்குலம்கூட வீணில்லை.

அந்த இடத்தைப் பார்த்ததும் அத்தை கண்ணில் ஒளி வந்தது. பரணில் கிடந்த பித்தளைத் தாம்பாளம், விசேஷத்துக்கு எடுக்கிற எவர்சில்வர் டம்ளர், சம்புடம், பெரிய கரண்டி எல்லாம் பெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தன.

பால் காய்ச்சிய அன்றைக்கு அவினாசியிலிருந்து பெரியமாமா, அவர் மகன், மருமகள் என்று பெஞ்ச் நிறைய உட்கார்ந்தார்கள். இலை போட்டு, பொரியல் வைத்து, சாதமும் பருப்பும் போட்டாயிற்று. "நெய்க் கரண்டி எங்க அம்மிணி?" என்றார் அத்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று பேரும் பிசைந்த கையோடு எழுந்து நின்றார்கள், பலகையைத் தூக்கி எடுத்தேன். ரசத்துக்கு முன்னால் அப்பளச் சம்புடத்துக்காக மறுபடி ஒரு தடவை. பெரியமாமா உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"நல்ல டிசைனுதான் அம்மிணி, சாப்பிடச் சாப்பிடவே செரிக்குது. இனி ஒக்காந்துக்கலாமா?"

"பாயசம் டம்ளரு அதுக்குள்ளதான் இருக்குதுங்க" என்றார் அத்தை. "அப்பிடியே நில்லுங்."