கேட்டது கிடைக்காத நேர்ச்சை

தம்பி ஐசியூவில் கிடந்தபோது அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். அவன் பிழைத்து எழுந்தால் மணல் பாதையை முட்டி போட்டே கடப்பது, ஒரு தென்னங்கன்று காணிக்கை வைப்பது. அவன் எழவில்லை. 34 வயசு. முப்பதாம் நாள் பூசை முடிந்த சாயங்காலம், பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்: "வேளாங்கண்ணிக்கு எப்ப போறோம்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. "கேட்டதுதான் கிடைக்கலையேம்மா, அப்புறம் என்ன நேர்ச்சை?"

"கிடைச்சாத்தான் போவேன்னா அது கடைக்குப் போற மாதிரி. அவ எனக்கு அம்மா."

பங்குச் சாமியாரும் இந்த நேர்ச்சைக்கு நீங்கள் கடமைப்பட்டவரில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. அந்த வருஷம் வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை, குடில் வைக்கவில்லை. கிறிஸ்துமஸ் ராத்திரி நாகப்பட்டினம் பஸ் ஏறினோம்.

விடிந்தால் டிசம்பர் 26. அது என்ன நாள் என்பது எனக்கு அங்கே போய் இறங்கிய பிறகுதான் உறைத்தது. 2004-இல் அதே தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாட வந்து, பூசை கண்டுவிட்டுக் கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் போன யாத்திரிகர்களும் அதில் அடக்கம். ஆண்டுதோறும் அந்த நாளில் பேராலயத்தில் அவர்களுக்காகத் திருப்பலி வைக்கிறார்கள். பிறகு நினைவுத் தூண் வரை அமைதி ஊர்வலம்.

அதற்கு முன்னால் அம்மா மணலில் இறங்கினாள். பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குப் போகிற பாதை அது. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, கையில் செபமாலையோடு, ஒரு முட்டி, அடுத்த முட்டி. இரவெல்லாம் பஸ்ஸில் மடங்கிக் கிடந்த கால்கள். ஈர மணல் தோலில் அப்பிக்கொண்டு வந்தது. தண்ணீர் பாட்டிலோடு பக்கத்திலேயே நடந்தேன். எங்களுக்கு முன்னே ஒரு மலையாளக் குடும்பம். கணவன் முட்டி போட்டு வர, மனைவி மொட்டையடித்துச் சந்தனம் பூசிய கைக்குழந்தையோடு கூடவே நடந்தாள். கேட்டது கிடைத்தவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

எனக்கு அந்தக் குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். நம்பிக்கை கசந்துபோகிற இடம் சாவு வீடு இல்லை. அங்கே அழ ஆள் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் நன்றிப் பூசை வைக்கும்போதுதான் கசப்பு ஊறுகிறது. ஆனால் அம்மா மூச்சு வாங்க ஓரிடத்தில் நின்றவள், அந்தப் பெண்ணைக் கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினாள். மணலைப் புடவையில் துடைத்துவிட்டு, கட்டைவிரலால் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டாள். "நல்லா இருக்கணும்" என்றாள். அவ்வளவுதான். மறுபடி முட்டி போட்டாள்.

ஊர்வலத்தில் எங்களோடு நடந்த ஒரு பெரியவர், தண்ணீர் பேராலயப் படி வரைக்கும் வந்தது, உள்ளே மட்டும் நுழையவில்லை என்று கண்கள் விரியச் சொன்னார். பலரும் சொல்லக் கேட்டதுதான். அவருடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் மெழுகுவர்த்தியோடு நிற்கிற தூணருகே அந்த அற்புதத்தைப் பேச எனக்கு நா எழாது. உள்ளே இருந்தவர்களைக் காத்தவர் வெளியே இருந்தவர்களைக் கைவிட்டார் என்றா அவர்களிடம் சொல்வது? எனக்குத் தெரிந்த ஆண்டவர் அன்றைக்கு வெளியேதான், அந்தத் தண்ணீருக்குள்தான் இருந்திருப்பார். சிலுவையில் தொங்கியவரை நான் வேறு எங்கே தேட?

அங்கே நின்றபோது பைபிளில் வருகிற மார்த்தா ஞாபகத்துக்கு வந்தாள். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டானே என்று ஆண்டவரின் முகத்துக்கு நேரே கேட்டவள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் அவரும் அழுதார். 88-ஆம் திருப்பாடலைப் பாருங்கள், கடைசி வரி வரை இருட்டுதான். ஆனாலும் அது செபப் புத்தகத்தில் இருக்கிறது. "கடவுள் சித்தம், அழாதே" என்று துக்க வீட்டில் சொல்கிறவர்கள் அதை ஒருமுறை வாசிக்கலாம். அன்றைக்கு நானும் கேட்டேன், வாய்விட்டே. தம்பி பெயரைச் சொல்லி, ஏன் வரவில்லை என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் எத்தனையோ நாளாகச் செபிக்க முடியாமல் இருந்தவள் அன்றைக்கு அவரிடம் பேசியிருந்தேன்.

தென்னங்கன்றை வைத்துவிட்டு, பூசைக்கு எழுதிக் கொடுக்கிற கவுண்டருக்குப் போனோம். அங்கிருந்த பையன் தலை நிமிராமல் கேட்டான்: "நன்றிப் பூசையாம்மா, இறந்தவங்களுக்கா?"

"ரெண்டும் எழுதுப்பா. ஒரே பேருதான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"34 வருஷம் எங்கிட்ட குடுத்து வச்சிருந்தாருல்ல," என்றாள் அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணிக்கொண்டே.