பேரில்லாத குதிரை

கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் மன்னவனூர் வண்டிக்காக நிற்கும்போது மகள் கேட்டாள், "அங்க என்னப்பா இருக்கு?" ஏரி இருக்கிறது, ஆட்டுப் பண்ணை இருக்கிறது என்றேன். அம்மாச்சி ஊர் வழியில்தான் வருகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பழங்கதையை எடுத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

சுமார் 20 கிலோமீட்டரில் பூம்பாறை. ஒரு வளைவு திரும்பியதும் ஊர் மொத்தமும் பள்ளத்தில் தெரியும். நெருக்கியடித்த வீடுகள், நடுவில் குழந்தை வேலப்பர் கோயில், சுற்றிலும் படிப்படியாக வெட்டிய பூண்டு, கேரட், உருளைத் தோட்டங்கள். அந்த வளைவில் எல்லோரும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எங்கள் பஸ் நிற்கவில்லை. என் கழுத்துதான் திரும்பிக்கொண்டே வந்தது. "சரி, சொல்லுங்க" என்றாள் மகள். அவளுக்கும் வேறு வழியில்லை.

எண்பதுகளில் முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த மறுநாளே என்னைப் பெரியகுளத்தில் பஸ் ஏற்றிவிடுவார்கள். காட்ரோடு தாண்டி மலை ஏற ஏற வாந்தி, அப்புறம் குளிர், அப்புறம் அம்மாச்சி வீட்டுப் பூண்டு வாசம். விதைக்கு வைத்த பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கும். புகை பட்டால்தான் கெடாதாம். ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் வரை என் சட்டையில் அந்த வாசம் இருக்கும், பள்ளியில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மாச்சி இருந்திருந்தால், "அது இல்லாமலேதானடா வடுகபட்டி சந்தையில வித்துச்சு" என்று கேட்டிருக்கும்.

வீட்டில் இரண்டு பசு, ஒரு நாய், கொஞ்சம் கோழி, ஒரு குதிரை. பொழுது சாய்ந்ததும் கோழியைப் பஞ்சாரத்தில் அடைப்பது என் வேலை. நாய்க்கு இடம் அடுப்படி. வாசலில் கட்டிப்போட்டால் விடியும்போது சங்கிலி மட்டும்தான் மிஞ்சும், மற்றதைச் சிறுத்தை கொண்டுபோய்விடும். காலையில் மாமா மகனோடு மாடு பத்திக்கொண்டு போவேன். முதல்நாள் மழை பெய்திருந்தால் அட்டைக்கு உப்பு முடிச்சு. பட்டால் அரித்துத் தடிக்கும் செந்தட்டிச் செடி எது என்று முதல் நாளே கற்றுக்கொண்டேன், முழங்காலால்.

காட்டெருமையை அப்போது தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன். (பெயர்தான் எருமை, அது மாட்டு இனம். சங்கப் பாட்டில் ஆமான் என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.) இந்தமுறை கொடைக்கானலில் ஒரு பேக்கரிக்குப் பின்னாலேயே நின்றது, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல. மேய்ந்த புல்வெளியெல்லாம் சீகை என்கிற வாட்டில் மரமும் பைனும் தைலமரமும் நட்டு மூடிவிட்டால் அதுவும் எங்கேதான் போகும்?

குதிரைக்கு வருகிறேன். சவாரிக் குதிரை இல்லை, பொதி சுமக்கிற மட்டக்குதிரை. மேல் தோட்டங்களுக்கு வண்டி போகாது. உரம் மேலே போவதும் பூண்டும் உருளையும் ரோட்டுக்கு இறங்குவதும் அதன் முதுகில்தான். பக்கத்துக்கு ஒரு மூட்டை. ஒரு பக்கம் கனம் கூடினால் அடி எடுத்து வைக்காது. தாத்தா தராசில் நிறுத்ததே இல்லை, "அது சொல்லும்" என்பார்.

பசுக்களுக்குச் செவலை, மயிலை என்று நிறத்தை வைத்தாவது பேர் இருந்தது. நாய்க்கு மணி. குதிரைக்கு மட்டும் பேர் கிடையாது. ஒருநாள் கேட்டேன். "விக்கிற உருப்படிக்குப் பேர் எதுக்குடா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் நானும் மாமா மகனும் தொழுவத்தில் வைத்து அதற்கு ஒரு பேர் வைத்தோம். தாத்தாவிடம் சொல்வதில்லை என்று சத்தியம்.

ஆறாம் வகுப்பு லீவில் முதல்முறையாக என்னைத் தனியாகக் குதிரையோடு ரோட்டுக்கு அனுப்பினார்கள். பாதி இறக்கத்தில் ஒரு டீக்கடை. குதிரை அங்கே நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தேன், தள்ளினேன், கெஞ்சினேன், ரகசியப் பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். நகரவில்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு வரக்காப்பியை நீட்டினார். "குடி தம்பி. உங்க தாத்தா டீ குடிக்கிற நேரம் ஆகாம அது போகாது." குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தேன், குதிரை நடந்தது. காசு தாத்தா கணக்கில்.

அடுத்த வருடம் போனபோது வேறு குதிரை நின்றது. இளசு, கடிக்கும். பழையது எங்கே என்று நானும் கேட்கவில்லை, தாத்தாவும் சொல்லவில்லை. அது அவர் விற்ற மூன்றாவது குதிரையாம், வெகுநாள் கழித்து அம்மா சொன்னாள். முதல் குதிரைக்குப் பேர் இருந்ததாம்.

இந்தக் கதை முடிவதற்குள் மன்னவனூர் வந்துவிட்டது. மத்திய ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைமையகம் ராஜஸ்தானின் அவிகாநகர். அதன் தென்மண்டல நிலையம் 1965 முதல் இந்தப் புல்வெளியில் இருக்கிறது. இங்கே மேய்வது பாரத் மெரினோ. நம் நாட்டுச் சோக்லா, நாலி செம்மறி ஆடுகளை வெளிநாட்டு மெரினோ, ராம்புலே கிடாய்களோடு சேர்த்து உண்டாக்கிய இனம் அது. எங்கள் ஊர்ப்பக்கத்து வெயிலில் இந்த ரோமத்தோடு ஒருநாள் தாங்காது. மேகம் இறங்கினால் எது ஆடு, எது மேகம் என்று தெரியவில்லை. மகளுக்கு வேறு கவலை. "எல்லாத்துக்கும் காதுல நம்பர்தான்ப்பா போட்டிருக்கு." முயல்களையும் பார்த்தோம். ஏரியில் பரிசலுக்கு வரிசை நீளம், விட்டுவிட்டோம்.

திரும்பும்போது பூம்பாறையில் இறங்கினோம். அம்மாச்சி வீடு விற்றாகிவிட்டது, வாசலில் ஒரு தங்கும் விடுதியின் பலகை. டீக்கடை இருந்த இடத்தில் காய் ஏற்றும் பிக்கப் வண்டிகள். மேல் தோட்டங்கள் பலவற்றுக்கு இப்போது ஜீப் பாதை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லை போலிருக்கிறது. கேரட் மூட்டைகளோடு ஒரு குதிரை இறங்கி வந்தது. பின்னால் ஒரு பையன், இருபது வயது இருக்கும், காதில் இயர்போன்.

"அண்ணா, இதுக்குப் பேர் என்ன?" என்றாள் மகள்.

அவன் ஒரு காதை மட்டும் விடுவித்தான். "பேரா? அதெல்லாம் இல்ல பாப்பா. ஏய்னா நிக்கும்."

மூட்டையை அவன் இறக்கிய நேரம் முழுக்க அவள் குதிரையின் நெற்றியைத் தடவியபடி குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. என்ன பேர் வைத்தாய் என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். முதல்ல உங்க குதிரை பேரைச் சொல்லுங்க."

வண்டி அந்த வளைவைத் தாண்டும்வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.