27 ஒட்டுப் போர்வைகள்

2019 மார்கழியில் ஆயா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். பழந்துணிகளை ஒட்டுப் போட்டு ஆயா கையால் தைத்திருந்த போர்வையைப் பெரியம்மா எடுத்து, "இந்தக் கந்தையையும் சேர்த்து ஏரிக்கரையில போட்டு எரிச்சிடுங்க" என்றார். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஓசூரில் ஒரு கார்மென்ட்ஸில் ஒன்பது வருடம், தையல் சரியா என்று பார்க்கும் செக்கராக இருந்தவள் நான். தையலைப் பார்த்தால் விரல் தானாக அதன் மேல் ஓடும். அந்தப் போர்வையின் ஓட்டுத் தையல் ஆறடி நீளத்துக்கு எங்குமே கோணாமல் போயிருந்தது. ஆயா அளவு டேப்பைக் கையால் தொட்டதில்லை. சாக் பீஸில் கோடு போட்டதும் இல்லை.

பழைய ஒட்டுப் போர்வைகளை வாங்கிப் பழுதுபார்த்து விற்கும் வேலை அன்று தொடங்கியது. இதுவரை 27 போர்வைகள் என் கைக்கு வந்திருக்கின்றன. 19 விற்றேன். மூன்றைக் கெடுத்துவிட்டேன். நான்கு வேலையில் இருக்கின்றன. ஆயாவுடையது வீட்டிலேயே இருக்கிறது. எப்படிச் செய்கிறாய், எங்கே விற்கிறாய் என்று கேட்கிறவர்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் ராயக்கோட்டைப் பக்கம் இதற்கு ஒரே பெயர் கிடையாது. நாங்கள் ஒட்டுப் போர்வை என்போம். தெலுங்கு பேசும் வீடுகளில் பொந்த, கன்னடம் பேசும் வீடுகளில் கவுதி. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை மாதக் குளிரைத் தாங்க, கம்பளி வாங்க வழியில்லாத வீடுகளில் இதைத்தான் தைத்தார்கள். கிழிந்த சேலைகளை மூன்று நான்கு அடுக்காகத் தரையில் விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்து, மேலே லுங்கி, சட்டை, பாவாடைத் துண்டுகளை வைத்து, ஓரத்தில் தொடங்கி உள்நோக்கித் தைத்துக்கொண்டே போவார் ஆயா. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் காவந்தி என்ற ஒட்டுப் போர்வையும் ஓரத்தில் தொடங்கி நடுவில்தான் முடியும் என்று பிறகு தெரிந்தது. நான்கு மூலையிலும் பூ என்று சொல்லி முக்கோண ஒட்டு வைப்பார்களாம். அது இல்லாத போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். அதைக் கேட்டதும் ஓடிப்போய் ஆயாவின் போர்வையைப் பார்த்தேன். அதில் பூ இல்லை. ஆனால் நான்கு மூலையிலும் துணி இரட்டிப்பாக மடிந்திருந்தது. பிடித்து உதறும்போது முதலில் கிழிவது மூலைதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கெடுத்த மூன்றில் முதலாவதைச் சொல்லியாக வேண்டும். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் சும்மாவே கொடுத்தது. அழுக்காக இருந்ததால் வாஷிங் மெஷினில் போட்டேன். சிவப்புச் சேலைச் சாயம் வெள்ளை வேட்டி ஒட்டுகளிலெல்லாம் இறங்கிவிட்டது. போதாததற்கு ஈரத்தோடு கொடியில் போட்டேன். தண்ணீர் குடித்த போர்வையின் பாரம் முழுவதும் கொடிக்கயிறு பட்ட இடத்தில் இறங்கி, பழைய நூல் பட்பட்டென்று விட்டு, இரண்டு சாண் நீளத்துக்குப் பிளந்துகொண்டது. அந்தத் தையல் போட்ட பாட்டி அப்போது உயிரோடு இல்லை. அதை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதன் பிறகு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். போர்வை வந்தால் முதலில் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. தடித்த பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மூடிப்போன ஒரு கடையிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீப் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைக்கிறேன். மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் இருந்தால் மூட்டைப்பூச்சி முட்டையோடு சாகும். தடித்த போர்வையின் உள்மடிப்புவரை குளிர் இறங்க நேரம் பிடிக்கும், அதனால்தான் ஒரு வாரம். பூச்சி மருந்து அடிப்பதில்லை. நாளைக்கு ஒரு குழந்தை அதைப் போர்த்திக்கொள்ளும்.

அடுத்தது தூசி. போர்வைமேல் கொசுவலைத் துணியை விரித்து, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து வலைக்கு மேலேயே ஓட்டுவேன். வலை இல்லாவிட்டால் நைந்த ஒட்டுகளை மெஷின் இழுத்துவிடும். முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை. பாதிப் போர்வைகளுக்கு இதுவே போதும், தண்ணீரே தேவைப்படாது.

துவைத்தே ஆக வேண்டும் என்றால் துணியை அறிந்துகொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவிக் கொளுத்திப் பார்ப்பேன். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் குண்டுமணிபோல் கெட்டியாகும். இது வயதைக் கணிக்கவும் உதவும். டெர்லின் என்பதும் பாலியெஸ்டர்தான். எங்கள் வீட்டுக்கு முதல் டெர்லின் சட்டை வந்தது 1974இல், மாமா கல்யாணத்துக்கு என்று அம்மா சொல்வார். டெர்லின் ஒட்டு இருக்கும் போர்வையை நூறு வருடப் பழசு என்று சொல்லி விற்க முடியுமா? ஒரு போர்வையில் இருப்பதிலேயே புதிய துணி எதுவோ, அதைவிடப் போர்வை பழையதாக இருக்க முடியாது. அந்த ஒட்டு பின்னால் பழுதுபார்க்கும்போது வைத்ததா என்பதை மட்டும் நூலைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

பருத்தி நனைந்தால் பலம் கூடும், ரேயான் நனைந்தால் பலம் குறையும். ஒரே போர்வையில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். சாயமும் இறங்கலாம். அதனால் ஒவ்வொரு நிறத்தையும் ஈரப் பஞ்சால் ஒற்றி, வெள்ளைத் துணியை அழுத்திப் பார்ப்பேன். ஒரு நிறம் இறங்கினாலும் அந்தப் போர்வை தண்ணீருக்குப் போகாது.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. எங்கள் போர்வெல் தண்ணீர் கடும் உப்பு. சோப்பு நுரைக்காது. திரிந்து கசடாகித் துணி இழைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், காய்ந்தால் துணி விறைக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013இல் திறந்தார்கள். நான் அந்தக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் வாடை போக ஒரு ராத்திரி திறந்து வைத்துப் பயன்படுத்துகிறேன். குடிக்கிற தண்ணீரில் துணி துவைக்க மனம் கூசும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து, பெரிய போர்வைகளை அப்போதே முடித்துவிடுவேன்.

சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை. கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை ராத்திரி ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டினால் நுரை வரும். உப்புத் தண்ணீரிலும் கசடு கட்டாது. ஆனால் சாறு பழுப்பு நிறம். சரியாக அலசாவிட்டால் வெள்ளைத் துணியில் அந்தச் சாயல் தங்கிவிடும், ஐந்து ஆறு தண்ணீர் மாற்ற வேண்டும். சிமெண்ட் தொட்டியில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து அதன் மேல் போர்வையை வைத்து, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுப்பேன். தேய்ப்பதும் முறுக்குவதும் கிடையாது. தூக்கும்போது பெட்ஷீட்டின் நான்கு மூலையை நான்கு பேர் பிடித்துத் தூக்க வேண்டும், பாரம் போர்வையில் விழக்கூடாது. பிறகு நாடாக் கட்டிலில் படுக்கை வாட்டத்தில் விரித்து நிழலில் காயவிடுவேன். மேலும் கீழும் காற்று போகும்.

சரி, தையல். கார்மென்ட்ஸில் பழகிய புத்தியை மறக்க வேண்டியிருந்த இடம் இதுதான். அங்கே கோணல் இருந்தால் பிரித்துத் திருத்த ஆல்டருக்குப் போகும். இங்கே கோணலும் அந்தப் பெண்ணின் கைதான். முதல் ஐந்து போர்வைகளில் நன்றாக இருந்த பழைய தையலையும் பிரித்து நேராக்கி இருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இப்போது விட்டுப்போன இடத்தில் மட்டும், பழைய ஊசித் துளையிலேயே ஊசியை நுழைத்துத் தைக்கிறேன்.

நூல் பருத்திதான். பாலியெஸ்டர் நூல் அறாது, ஆனால் நைந்த துணியை அறுத்துவிடும். இழுபட்டால் நூல் அறுந்து துணி தப்பிக்க வேண்டும். நூலை மறுபடி கோர்க்கலாம். கிழிந்த ஒட்டை எடுத்து எறிவதில்லை. அதன் மேல் அதே காலத்துத் துணியாகத் தேடி ஒட்டு வைக்கிறேன், கீழே பழையது அப்படியே இருக்கும். புதுக் கட்பீஸ் வைத்தால் அது விறைப்பாக நின்று சுற்றிலும் உள்ள துணியைக் கிழிக்கும். இதற்காகவே பழைய வேட்டி, பழைய லுங்கி சேர்த்து மூன்று அலமாரி நிறைய வைத்திருக்கிறேன்.

மிகவும் சிரமம் கொடுப்பது கறுப்பு, கரும்பழுப்பு ஒட்டுகள். சுற்றிலும் உள்ள மஞ்சளும் பச்சையும் உறுதியாக இருக்கும், கறுப்பு மட்டும் தொட்டால் பொடியாக உதிரும். கடுக்காயோடு இரும்பு சேர்த்து ஏற்றிய கறுப்பு அது. அந்த இரும்புதான் வருடக்கணக்கில் பருத்தியைத் தின்கிறது. அதை நிறுத்த என்னால் முடியவில்லை. மெல்லிய வலைத் துணியைக் கறுப்பில் தோய்த்து மேலே போர்த்தி, ஓரத்தை மட்டும் தைத்துவிடுகிறேன். உதிர்ந்தாலும் வலைக்குள்ளேயே இருக்கும்.

அஞ்செட்டிப் பக்கம் ஒரு பாட்டியிடம் வாங்கியது பதினோராவது போர்வை. "இன்னா பாப்பா, கந்தையைத் தேடிக்கினு இவ்ளோ தூரம் வந்துட்டியே" என்று முறத்தை நகர்த்தி உட்கார இடம் கொடுத்தார். 700 ரூபாய் பேசினோம். பணத்தை வாங்கி முடிந்துகொண்டவர், மடித்த போர்வையை மறுபடி விரித்தார். பிள்ளைகளின் காக்கி டவுசர், மகளின் ஊதாப் பாவாடை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, சிவப்புக் கோடு போட்ட ஒரு துண்டில் கை நின்றது. வீட்டுக்காரர் தலைப்பாகைத் துண்டு. "இத மட்டும் எடுத்துக்கட்டுமா தாயி?" நானே உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் ஆனது. அவர் எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த இடத்தில் வைக்க என்னிடம் இருந்த எந்தத் துணியும் சரிவரவில்லை. கடைசியில் ஆயாவின் சேலை முந்தானையிலிருந்து ஒரு துண்டு வைத்தேன். அந்தப் போர்வை இப்போது பெங்களூரில் ஒரு டீச்சர் வீட்டில் இருக்கிறது. நடந்ததைச் சொல்லித்தான் விற்றேன்.

விற்பது தைப்பதைவிடக் கடினமாக இருந்தது. முதலில் பர்கூர் ஜவுளிக் கடைகளுக்குத்தான் போனேன், எனக்குத் தெரிந்த துணிச் சந்தை அதுதான். சோலாப்பூர் போர்வையே இவ்வளவு மலிவாக வரும்போது பழசை யார் வாங்குவார் என்று தன்மையாகவே சொல்லி அனுப்பினார்கள். அது அவர்கள் வியாபாரம், தப்பில்லை. மனதைப் புண்படுத்தியது பெங்களூரில் ஒரு கடை. ஆறு போர்வைகளைக் கமிஷனுக்கு எடுத்துக்கொண்டு, நான் வைத்துத் தைத்திருந்த சீட்டுகளைப் பிரித்துவிட்டு, தங்கள் சொந்தத் தயாரிப்பு என்று தொங்கவிட்டிருந்தார்கள். பணம் வர எட்டு மாதம் ஆனது. பணத்தைவிட அந்தச் சீட்டுகளுக்காகத்தான் அழுதேன். எந்த ஊர், எந்த வருடம் வாங்கியது, யார் தைத்தது, நான் எதையெல்லாம் மாற்றினேன் என்று துணியில் தமிழில் எழுதிய சீட்டு அது.

இப்போது யாரிடமும் கமிஷனுக்குக் கொடுப்பதில்லை. இன்ஸ்டாகிராமில் காலை வெளிச்சத்தில் எடுத்த படம் போடுகிறேன். முன்பக்கம், பின்பக்கம், கறை, கிழிசல், நான் வைத்த ஒட்டு எல்லாம் தனித்தனியாக. குறையை மறைத்து அனுப்பிய ஒன்று திரும்பி வந்தது, இரண்டு வழி தபால் செலவும் என் தலையில். இரண்டரை கிலோ போர்வைக்கு அது சின்னத் தொகை இல்லை. பிளாஸ்டிக் உறைக்கு மேல் காடாத் துணிப் பை தைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

விலை சொல்ல எனக்குக் கூச்சம். 5,000 என்று சொல்ல வாய் வராது. ஒரு வாடிக்கையாளர்தான் அமெரிக்காவில் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரைப் பற்றிச் சொன்னார். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், பழைய வேலைத் துணிகளில் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்கள், 2006இல் தபால்தலையே வந்தது என்றார். படங்களைப் பார்த்தேன். முழங்கால் தேய்ந்த பேண்ட் துணி, தேய்ந்த இடமும் தெரியும்படி அப்படியே. ஆயாவும் அதைத்தானே செய்தார்! அன்றிலிருந்து மணிக்கணக்கு எழுதி வைக்கிறேன். ஒரு போர்வைக்கு 40 முதல் 60 மணி நேரம். விலை 4,500இலிருந்து 8,000 வரை. விற்றதும் ஐந்தில் ஒரு பங்கு, போர்வை கொடுத்த வீட்டுக்கு மறுபடி போகும். முதலில் கொடுத்த காசோடு அது முடிந்துவிடக்கூடாது.

முதல் போட அம்மாதான் வழி காட்டினார். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989இல் முதலில் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதற்குள் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. அம்மாவின் குழுவில் 20,000 கடன் எடுத்து ஃப்ரீசரும் வாக்குவமும் வாங்கினேன். இப்போது அந்தக் குழுவின் மூன்று அக்காமார் மணிக்கணக்கில் கூலிக்குத் தைக்கிறார்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் செய்திருக்கிறேன். அதற்கு அரசுக் கட்டணம் கிடையாது. ஆதார் இருந்தால் நாமே செய்யலாம், நான் தெரியாமல் ஒரு பிரௌசிங் சென்டரில் 800 கொடுத்தேன்.

வேலையில் இருக்கும் நான்கில் ஒன்று பாலக்கோட்டிலிருந்து வந்தது, பாதிக்கு மேல் கறுப்பு. வலை தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன். ஆயாவின் போர்வையை என் மகள் போர்த்திக்கொள்கிறாள். தலைமாட்டுப் பக்கம் ஓரம் நைந்துவிட்டது, மார்கழி பிறப்பதற்குள் அதற்கு ஒரு பட்டி வைத்துத் தைத்தாக வேண்டும்.