தரவுத்தளத்தில் தமிழ்ச் சொற்களைத் தேடியபோது

ஒரு தமிழ்ச் சொற்பட்டியலைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றி, 'கோ' எனத் தொடங்கும் சொற்களை லைக் (LIKE) என்னும் ஒப்பிட்டுத் தேடும் கட்டளை கொண்டு தேடியபோது, அட்டவணையில் என் கண்முன் இருந்த பல சொற்கள் விடையில் வரவில்லை. 'இங்கே எது வந்தாலும் சரி' என்று பொருள்படும் சதவீதக் குறியைச் சரியான இடத்தில்தான் இட்டிருந்தேன். ஒரு நாள் முழுவதும் வினவலையே மாற்றி மாற்றி எழுதிய பிறகு, சொற்களின் நீளத்தை அளந்து பார்த்தேன். 'கோடை' ஒரு வரியில் 4 குறியீடுகளாகவும் மற்றொரு வரியில் 5 குறியீடுகளாகவும் இருந்தது.

எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம்; இரட்டைச்சுழிக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது என்றாலும், லைக் அவற்றை வெவ்வேறாகவே கொள்ளும். போஸ்ட்கிரெஸின் 13ஆம் பதிப்பு முதல் உள்ள நார்மலைஸ் செயற்கூறு இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். அதை இயக்கியதும், ஒரே சொல் இருமுறை வருவதாகத் தனித்தன்மைக் கட்டுப்பாடு தடுத்தது. இரட்டைப் பதிவுகளை நீக்கிய பின்னரே பணி முடிந்தது. தேடுபவர் தட்டும் சொல்லையும் இதே வழியில் சீராக்க வேண்டும் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகவே புரிந்தது.

அடுத்து, மூன்றெழுத்துச் சொற்களுக்காக மூன்று அடிக்கோடுகளை இட்டுத் தேடினேன். 'தம்பி' வரவில்லை, 'மணி' வந்தது. ஓர் அடிக்கோடு ஒரு குறியீட்டுக்கே ஈடு. புள்ளியும் இகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 'தம்பி' ஐந்தாகிறது, 'மணி' மூன்றாகிறது. 'மர' என்று தேடினால் 'மருந்து' வருவதற்கும் இதுவே காரணம். இங்கே லைக்கை விட்டுவிட்டு, 'மர' என்பதை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வரக்கூடாது என்று ரெஜெக்ஸ் என்னும் தேடல் வடிவ விதியில் எழுதினேன். வேகம் குறைந்தது, ஆனாலும் பிழையான விடையைவிடத் தாமதமான விடையே எனக்கு ஏற்புடையது.

எஞ்சியது ஔகாரம். 'கௌரி' என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் 'கெளரி' எனத் தட்டியிருந்தவற்றை நார்மலைஸ் தொடாது, ஏனெனில் அங்கே இருப்பது உண்மையான ளகரம். ஒட்டுமொத்தமாக மாற்றினால் 'வெள்ளம்', 'தெளிவு' போன்றவை சிதைந்துவிடும். ஆகவே ஒற்றைக்கொம்பை அடுத்து வரும் ளகரத்துக்குப் பின் குறியேதும் இல்லாத சொற்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தினேன்.